வலது கீழ் மூலை

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கடுகுக்குச் சளி இறங்கிவிட்டது, எனக்கு ஏறியிருக்கிறது. உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? அண்ணி சொன்னபடி நடக்கிறாயா, இல்லை நடக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயா?

நீ அனுப்பிய உன் பழைய கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. படுக்கையறையில் அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவில் வைத்திருக்கிறேன். நாற்காலி போட இடமில்லை. கட்டில்தான் நாற்காலி. டிவி பிடிக்கிற குட்டிப் பெட்டியைச் செருகி, ஆன்டெனாவை ஜன்னல் கம்பியில் கட்டினேன். சத்தம் வருகிறது, படம் வரவில்லை. டிகோடர் இல்லை என்று கறுப்புத் திரையில் ஒரு வரி. கடைக்காரரிடம் கேட்டதற்கு, "அது தனியா போடணும்மா, நூறு விதம் இருக்கு, எது ஒத்துவரும்னு நீங்கதான் பாத்துக்கணும்" என்கிறார். நூறில் ஒன்றை நான் எங்கே போய்ப் பார்ப்பது? உன் பிழைப்பே அதுதானே, நீ சொல்.

கூடத்தில் டிவி இருக்க இது எதற்கு என்று கேட்பாய். மத்தியானம் ஒரு மணிச் செய்தியை ஒரு பெண் சைகை மொழியில் சொல்கிறாள். பதினைந்து நிமிடம். அந்த நேரத்தில் கூடத்து டிவி என் மாமியாருடையது, அதில் அப்பீல் கிடையாது. கம்ப்யூட்டரில் என்றால் பதிவு செய்து திரும்பத் திரும்பப் பார்க்கலாம். சைகைப் பள்ளியில் கொடுத்த படப் புத்தகம் இருக்கிறது. ஆனால் புத்தகத்தில் கை நிற்கிறது. கை எப்படிப் போகிறது என்பதுதான் எனக்கு வேண்டும். நான் கற்றுக்கொண்டால்தான் கடுகுக்குக் கற்றுக்கொடுக்க முடியும். மூன்றரை வயதாகிறது. கதவை அறைந்து சாத்தினால் கூடத் திரும்ப மாட்டாள் என்பது உனக்குத் தெரியும்.

உன் மாப்பிள்ளை ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். மின்சார மீட்டர் சோதிக்கிற மனுஷருக்கு எதற்கும் ஒரு சோதனை வேண்டும். "ஜூன்ல சைகைப் பள்ளிக்கூடத்துல குழந்தையைப் பாப்பாங்க இல்ல, அங்க அவ கையால பேசட்டும், நான் வாயைத் திறக்கலை. பேசலேன்னா நான் சொல்ற இடம்" என்றார். அவர் சொல்கிற இடம் பேச்சுப் பயிற்சி விடுதி. பஸ்ஸில் ஆறு மணி நேரம். அங்கே பிள்ளைகள் கையை அசைக்கவே கூடாது. நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

போனில் இதெல்லாம் பேச முடியாது. போன் கூடத்தில், அத்தையின் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடிதமே எழுது.

அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை

ஜனவரி 27

அன்புள்ள பூனைக்கு,

நாங்கள் இருவரும் நலம். முதுகும் நலம், அதன் மேல் இருக்கிற தலைதான் வேலையில் வேகிறது. உன் சளிக்கு ஆவி பிடி.

டிகோடர் என்று ஏன் இவ்வளவு பயப்படுகிறாய்? டிவி நிலையம் படத்தை அப்படியே அனுப்புவதில்லை. மூட்டை கட்டி அனுப்புகிறது. மூட்டையைப் பிரித்து மடிப்புக் கலைத்துக் காட்டுகிற ஆள்தான் டிகோடர். ஒருத்தன் ஒழுங்காகப் பிரிப்பான், ஆனால் சம்பளம் அதிகம் கேட்பான், அதாவது மெஷினைப் பிழிவான். இன்னொருத்தன் கிழித்துப் பிரிப்பான். இரண்டு டிஸ்க் வைத்திருக்கிறேன், சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. இரண்டையும் போட்டுப் பார்.

எப்படிப் பார்ப்பது என்றும் சொல்கிறேன். நிற்கிற படத்தைப் பார்த்து ஏமாறாதே. நிற்கிற படத்தை எல்லாரும் அழகாகக் காட்டுவார்கள். வேகமாக ஓடுகிற எதையாவது பார். வாயும் சத்தமும் ஒன்றாக வருகிறதா என்று பார். அவ்வளவுதான் சாஸ்திரம்.

ஜூனுக்கு ஐந்து மாதம் இருக்கிறது. கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா? மாமா இருக்கும்போது என்ன கவலை.

மாப்பிள்ளையையும் அத்தையையும் விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்

பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. கடுகு தூங்குகிற நேரம்தான் எனக்கு நேரம், அவளோ தூக்கத்தை விரோதியாக நினைக்கிறாள். உங்கள் இருவர் உடம்பும் தேவலையா?

சிவப்பு டிஸ்க் இரண்டு நிமிடம் ராஜா மாதிரி ஓடியது. பிறகு கம்ப்யூட்டர் மாவு மெஷின் போலக் கத்த ஆரம்பித்தது. செய்தி வாசிக்கிறவர் வாயை மூடிய பிறகும் பேசிக்கொண்டிருக்கிறார். சைகைப் பெண் ஒரு செய்தி பின்னால் வருகிறாள்.

பச்சை நன்றாக ஓடுகிறது, நிற்பதே இல்லை. ஆனால் எது அசைந்தாலும் சீப்புப் பல் மாதிரிக் குறுக்குக் கோடு. அவள் கை வேகமாகப் போகும்போது விரலெல்லாம் கிழிந்து தொங்குகிறது. பத்து நிமிடத்தில் எனக்குத் தலைவலி. கடுகு திரைக்குப் போய் நகத்தால் அந்தக் கோடுகளைச் சுரண்டிப் பார்த்தாள். வரவில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அத்தை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்னடி, ரெண்டு பேரும் டிவியைப் பாத்துக்கிட்டு கொசு அடிக்கறீங்களா?" என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சமையலறையில் என்னிடம் தனியாக, "கையை ஆட்டியே எல்லாம் கிடைச்சா வாய் எதுக்குத் திறக்கும்? நான் செத்தப்புறம் பாட்டின்னு ஒரு வார்த்தை சொல்லி என்ன பிரயோஜனம்?" என்று கேட்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வரவில்லை.

வேறு டிகோடர் இருந்தால் அனுப்பு. நாள் போகிறது.

அண்ணியை ரொம்ப விசாரித்ததாகச் சொல்.

பூனை

மார்ச் 2

அன்புள்ள பூனைக்கு,

நலம். உன் கடிதத்தில் கொசு வரியை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன், இன்னும் சிரிக்கிறாள். கடுகின் பல் எல்லாம் முளைத்துவிட்டதா?

இதோடு வெள்ளை டிஸ்க் ஒன்று. இது கடையில் கிடைக்காது. நானும் என்னோடு இருக்கிற இரண்டு பேரும் ஒன்றரை வருடமாக எழுதியது. உன்னிடம் இருப்பது போன்ற சோப்ளாங்கி மெஷினில் கூட வழுக்கிக்கொண்டு ஓடும். கோடு, கிழிசல் ஒன்றும் இருக்காது.

தந்திரத்தைச் சொல்லட்டுமா? நொடிக்கு இருபத்தைந்து படம் வருகிறது. பார்க்கிறவன் கண் எப்போதும் திரையின் நடுவில்தான் நிற்கும். ஓரத்தில் என்ன நடக்கிறது என்று ஒருத்தனும் பார்ப்பதில்லை. ஆகவே நடுவில் முழு வேலை. ஓரங்களில் முந்தின படத்தையே இன்னொரு தடவை காட்டிவிட்டுப் போய்விடுவோம். இருபத்தைந்தில் பாதிக்கு மேல் மிச்சம். முந்நூறு பேரை உட்கார வைத்துக் காட்டினோம். ஒருத்தர் கூடக் கண்டுபிடிக்கவில்லை.

பச்சையைத் தூக்கிப் போடு, அது அழகு கெட்டது. இதைப் போட்டுவிட்டு எப்படி இருக்கிறது என்று நாலு வரி எழுது. மேலாளரிடம் காட்ட எனக்கும் உதவும்.

எல்லோருக்கும் என் அன்பு.

அண்ணன்

மார்ச் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கை பொன்னாக. உடம்பு எப்படி என்று கேட்கிறதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன்: படம் கண்ணாடி போல இருக்கிறது. கோடு இல்லை, கத்தல் இல்லை, தலைவலி இல்லை. இரண்டு வாரமாக ஒரு நாள் கூட நிற்கவில்லை. இதை உன் மேலாளரிடம் தாராளமாகக் காட்டு. ஒரு குழந்தையும் அம்மாவும் தினம் உங்களை வாழ்த்துகிறார்கள் என்று சொல்.

தினம் பதினைந்து நிமிடத்தைப் பதிவு செய்து, சாயங்காலம் வரை போட்டுப் போட்டுப் பார்க்கிறோம். மழை, பஸ், நாய், நாளைக்கு, பயமாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம். கடுகுக்கு இப்போது நூற்றுப் பத்து சைகை தெரியும். எனக்கு அதைவிடக் கொஞ்சம் கம்மி. உனக்கும் அவளே ஒரு பெயர் வைத்திருக்கிறாள். உள்ளங்கையில் ஒரு வட்டம் போட்டு அதை நெஞ்சில் ஒட்டிக்கொள்கிறாள். டிஸ்க் அனுப்புகிற மாமா. நேற்று அவள் தூக்கத்தில் கையை அசைத்தாள், அண்ணா. தூக்கத்தில் பேசினாள்.

ஒரு சந்தேகம். அந்தப் பெண் முழுத் திரையில் வருவதில்லை. உனக்கு நான் சொல்லவில்லையோ என்னவோ. வலது பக்கம் கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நிற்கிறாள், தபால் தலையைக் கொஞ்சம் இழுத்துவிட்ட அளவு. ஓரத்தில் பாதி வேலை என்று எழுதியிருந்தாயே, அது இந்தக் கட்டத்தையும் சேர்த்தா? படம் நன்றாகத்தான் இருக்கிறது. சும்மா கேட்கிறேன். ஏதாவது இருந்தால் பச்சைக்கே திரும்பிவிடுகிறேன், தலைவலி வந்தால் வருகிறது.

முதுகைப் பார்த்துக்கொள். அண்ணிக்கு முத்தம்.

பூனை

ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் இருவரும் சுகம்தானே? மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. தபால் வரும்போதெல்லாம் கடுகு எனக்கு முன்னால் ஓடிப்போய் உள்ளங்கையில் வட்டம் போடுகிறாள். தபால்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. இல்லை என்று கையை விரிக்கிறார். அவர் ஒருத்தர்தான் இந்தத் தெருவில் அவளோடு பேசுகிறார்.

பள்ளியில் தேதி கொடுத்துவிட்டார்கள். ஜூன் 14, காலை பத்து மணி. இவர் அலுவலகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார், அவ்வளவு முன்னதாக.

கட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தேன். எனக்குத்தான் எதைப் பார்த்தாலும் சந்தேகம், உனக்குத் தெரியும். இரண்டு வரி எழுதினால் நிம்மதி.

உன் பதிலை எதிர்பார்க்கும்

தங்கை

மே 3

அன்புள்ள பூனைக்கு,

நலம், நலமே விழைகிறேன். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். அலுவலகத்தில் தலைக்கு மேல் வேலை. இங்கே வெயில் தாங்கவில்லை. அண்ணி ஜன்னலுக்கெல்லாம் கனத்த திரை தைத்துப் போட்டிருக்கிறாள்.

ஒரு நல்ல செய்தி. எங்கள் டிகோடரைக் கம்பெனியில் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இனி ஆயிரக்கணக்கான மெஷினில் அதுதான் ஓடப்போகிறது. எனக்குத் தனி அறை, கதவோடு. உன் கடிதத்துக்கும் இதில் பங்கு உண்டு.

கட்டத்தைப் பற்றிக் கேட்டாய். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நாங்கள் ஓரம் என்று சொல்வது விளிம்பில் ஒரு விரல் அகலம். கட்டம் அதற்குள் வராது. எதையும் மாற்றிக் குழப்பிக்கொள்ளாதே. இருப்பதை வைத்துப் பயிற்சி செய்.

ஜூன் 14 நல்லபடி முடியும். முடிந்ததும் எழுது.

அண்ணன்

ஜூன் 18

அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அங்கேயும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஒரு சின்ன அறை. தாழ்ந்த மேஜை, சின்ன நாற்காலிகள். குழந்தைகளைப் பார்க்கிற டீச்சருக்கும் காது கேட்காது. அவர் கையால் சொல்வதை வாயால் சொல்ல இன்னொரு டீச்சர் பக்கத்தில். உன் மாப்பிள்ளை சுவர் ஓரம் பெஞ்சில், சொன்னபடி வாயை மூடிக்கொண்டு. வரும் வழியில் என்னவெல்லாம் பார்த்தாய் என்று டீச்சர் கேட்டார். கடுகு பயப்படவே இல்லை. நாற்காலி நுனிக்கு வந்து உட்கார்ந்து, பஸ், மழை, நனைந்த நாய், அது டிக்கெட் இல்லாமல் ஏறியது, எல்லாவற்றையும் சொன்னாள். எனக்கு முழுதும் புரிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டீச்சர் முன்னால் குனிந்து, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னாள். மூன்றாவது முறையும் சொன்னாள். அதற்குப் பிறகு என்னைப் பார்த்து, நீங்கள் சொல்லுங்கள் என்றார். நானும் சொன்னேன். அவர் எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே என் கையை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மெதுவாகக் கொண்டுபோனார். போகிற வழியில் கை திரும்பியது, விரல் துடித்தது, இரண்டு தடவை தட்டியது. பக்கத்து டீச்சர் சொன்னார்: "உங்க கை கிளம்பற இடம் இருக்கு, போய்ச் சேர்ற இடம் இருக்கு. நடுவுல ஒண்ணுமே இல்லைம்மா. ரெண்டு பேர்கிட்டயும் இல்லை. யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

"டிவியில ஒரு மணிக்கு வர்ற அம்மாகிட்ட."

இரண்டு டீச்சரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அவங்க எங்க ஸ்நேகிதிதான். அவங்க இப்படிப் பேச மாட்டாங்களே."

உடனே டீச்சரே, பரவாயில்லை, சின்னக் கை, ஆறு மாசத்தில் வந்துவிடும், சேர்த்துக்கொள்கிறோம் என்றார். அப்போதுதான் இவர் பெஞ்சிலிருந்து, "மேடம், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. என் பொண்ணு சொன்னதுல உங்களுக்கு எவ்வளவு புரிஞ்சுது?" என்றார். பொய் சொல்லத் தெரியாத பெண்மணி. "பத்துல ரெண்டு" என்றார்.

பஸ்ஸில் இவர் சத்தம் போடவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "நான் ஜெயிச்சேன்னு நினைக்காதே. ஆனா பேச்சு பேச்சுதான்" என்றார். கடுகு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, டீச்சருக்குத் தான் சொன்ன கதையை எனக்கு இன்னொரு முறை சொல்லிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து பச்சை டிஸ்க்கைத் தேடினேன். அத்தை அதைத் தண்ணீர்ச் செம்புக்கு மூடியாக வைத்திருந்தார். துடைத்துப் போட்டேன். பதிவு செய்த ஒரே செய்தியை இரண்டு டிகோடரிலும் பார்த்தேன். கோடும் கிழிசலுமாக இருந்த பச்சையில் அவள் இரண்டு தடவை தட்டுகிறாள். உன் வெள்ளையில் ஒரு தடவை. எட்டு முறை பார்த்தேன்.

ஜூலை முதல் தேதி இவர் கடுகை விடுதிக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்.

ஒன்றுதான் கேட்கிறேன். மே மாதம் எனக்கு எழுதியபோது உனக்குத் தெரியுமா?

தங்கை

ஜூலை 20

அன்புள்ள பூனைக்கு,

தெரியும்.

கட்டம் என்று நீ எழுதிய வரியைப் படித்த அன்றே தெரியும். அலுவலகத்தில் அதே மாதிரி ஒரு செய்தியை எங்கள் டிகோடரில் போட்டு, வலது மூலையை மட்டும் எண்ணிப் பார்த்தேன். நொடிக்கு இருபத்தைந்தில் பத்து படம்தான். அந்த வாரம்தான் எங்களுடையதை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நீ வாழ்த்தி எழுதியதை நான் ஏற்கனவே மேலாளரிடம் படித்துக் காட்டியிருந்தேன். கேள்வி கேட்டிருந்த பக்கத்தைக் காட்டவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் இல்லை, அப்படி எழுதினால் அதுவும் பொய். என் வேலையில் ஓட்டை என்று எழுதக் கை வரவில்லை. ஒரு சின்னக் குழந்தை, கையை அசைத்துப் பழகுகிறது, இதில் பாதி போனால் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்து வாரம் சொல்லிக்கொண்டு, பிறகு உனக்கு எழுதினேன்.

மாப்பிள்ளையிடம் நான் பேசட்டுமா? குற்றம் குழந்தையுடையது இல்லை, டிகோடருடையது என்று சொல்கிறேன். வேண்டுமானால் நேரில் வருகிறேன்.

புது கம்ப்யூட்டர் ஒன்று பார்சலில் வருகிறது. எந்த டிகோடரையும் தாங்கும். எது நல்லது என்று பார்த்து நானே போட்டிருக்கிறேன். எங்களுடையது இல்லை.

அண்ணிக்கு இது எதுவும் தெரியாது. கடுகு எப்படி இருக்கிறாள்?

அண்ணன்

செப்டம்பர் 30

அண்ணாவுக்கு,

நலம். நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள். பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது. எழுதக் கூடாது என்று இல்லை. கடுகு விடுமுறைக்கு வந்து போகட்டும், பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

நீங்கள் அனுப்பிய கம்ப்யூட்டர் பத்திரமாக வந்தது. நல்ல படம். அந்தப் பெண்ணை இப்போதுதான் முதல் தடவையாக முழுசாகப் பார்க்கிறேன். எவ்வளவு வளைவு, எவ்வளவு துடிப்பு. நான் இத்தனை நாள் பேசியது தந்தி. தினம் பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் அந்த டீச்சரிடமும் போகிறேன். இப்போது பத்தில் எட்டு என்கிறார்.

இவரிடம் நீங்கள் பேச வேண்டாம். நானே சொல்லிவிட்டேன். முழுவதும் கேட்டார். "மீட்டர் தப்பா ஓடிச்சுன்னு சொல்ற. சரி. இப்ப அவளுக்குப் பேச்சு வருதே, அதை என்ன பண்ண?" என்றார்.

பேச்சு வருகிறது என்பது உண்மைதான். மூன்று வார்த்தை. அம்மா, பால், வா. அத்தை வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். பாட்டி என்பது நாலாவதாக வரும் என்று விடுதியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்களாம். அவர் சந்தோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

பத்து நாள் இருந்தாள். எங்கே உட்கார்ந்தாலும் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறாள். யாரும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். நான் அவள் எதிரே தரையில் உட்கார்ந்து, உன்னைத் தேடினேன், நீ இல்லாமல் வீடு நன்றாக இல்லை என்று சொல்ல ஆரம்பித்தேன். ஒரு அசைவு விடாமல், தட்ட வேண்டிய இடத்தில் இரண்டு தடவை தட்டி, நிதானமாக.

கடுகு திரும்பிக் கதவைப் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்ததும் தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்தாள். என் இரண்டு கையையும் பிடித்து, வலிக்காமல், என் மடியில் இறக்கி வைத்தாள். வைத்துவிட்டு, நான் வாயைத் திறப்பேன் என்று என் உதட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்லவும்.

தங்கை